வடகரை மின்மினி, தென்கரை மின்மினி

மசூர் தோணாவில் வலை வீசி இறால் பிடிப்பவர். கல்முனைக்குத் தெற்கே, வீடுகளுக்கும் வயலுக்கும் நடுவில் வளைந்து கிடந்து கடலோடு சேர்கிற உப்போடைக்குத்தான் அங்கே தோணா என்று பெயர். அதன் வடகரையில் முஸ்லிம் ஊர். மசூரும் அவர் மனைவி ஜெனூபாவும் அங்கே குடியிருந்தார்கள். தென்கரையில் தமிழ் ஊர். அங்கே கனகரெத்தினம். இருபது வருடமாக இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்று ஒரே தண்ணீரில் வலை வீசினார்கள். ஒருவரிடம் பீடி தீர்ந்தால் மற்றவர் தோணியில் கொண்டுவந்து கொடுப்பார்.

நடுத்தோணாவில், தண்ணீருக்குள் வேர்களை ஊன்றிக்கொண்டு கண்ணாப் பற்றை என்கிற அலையாத்திப் புதர் ஒன்று நின்றது. மஃரிப் தொழுகை முடிந்து இருள் இறங்கும்போது அந்தப் பற்றை முழுவதும் மின்மினிகள் பற்றும். பச்சை கலந்த வெளிச்சம். பற்றும், அணையும், மறுபடி பற்றும். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைத்ததில்லை. தென்னையில் தேங்காய் இருப்பதைப் பற்றி யார் கதைக்கிறார்கள்?

ஒரு நாள் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி அதைத் தொலைபேசியில் படம் பிடித்து உலகத்துக்கு விட்டாள். நான்காம் நாள் உயிரொளிப் பேணல் திணைக்களம் வந்து இறங்கியது.

அப்படி ஒரு திணைக்களம் இருப்பது மசூருக்குத் தெரியாது. அப்படி ஒரு தோணா இருப்பது திணைக்களத்துக்கும் தெரியாது. அந்த வகையில் இரு தரப்பும் சமமாகவே தொடங்கின.

திணைக்களத்துக்கு அந்தப் பகுதியில் இரண்டு பணிமனைகள் இருந்தன. வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மண்டபத்தில் இயங்கின. நடுவே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடிதம் போவதென்றால் அது கொழும்புத் தலைமையகத்துக்குப் போய்த்தான் வரவேண்டும்.

முதலில் வந்தவர் வடகரைப் பணிப்பாளர் றிபாத். மசூரின் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து படிவக் கோவையை விரித்தார்.

"இந்த மின்மினி முதன்முதலாக அவதானிக்கப்பட்ட திகதி?"

"எங்கட வாப்பா சின்னப் புள்ளயா இரிக்கக்குள்ளயும் இரிந்த, சேர்."

"திகதியைக் கேட்டேன்."

"அது தெரியா, சேர்."

றிபாத் அன்றைய திகதியை எழுதினார். கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரை எழுதினார். தோணாவில் மிதந்த குப்பைப் பைகளைப் பற்றிப் படிவத்தில் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

"இன்றிலிருந்து இது பேணல் வலயம்," என்றார். "அனுமதி இல்லாமல் யாரும் தண்ணியில இறங்கக் கூடாது."

மசூர் தோணாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு இறால் புடிக்க ஏலாதா, சேர்? வேற தொழில் தெரியாதே!"

"அவதானிப்பாளருக்கு மட்டும் அனுமதி உண்டு."

"அது ஆரு, சேர்?"

"நீங்கதான். கையெழுத்துப் போடுங்க."

அப்படித்தான் மசூர் அரசாங்கத்து ஆளானார். பச்சைத் தொப்பி ஒன்று, தடித்த பதிவேடு ஒன்று, மின்மினிகளை வடிவாகப் பார்ப்பதற்கென்று பெரிய டோர்ச் லைட் ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வோர் அந்தியும் மின்மினிகளை எண்ணிப் பதிய வேண்டும்.

ஜெனூபா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு நாளும் சும்மா நிண்டு பாத்தீங்க. இனித் தொப்பி போட்டுப் பாக்கணுமாக்கும்," என்றாள்.

அடுத்த கிழமை எதிர்க்கரையிலிருந்து சத்தம் கேட்டது.

"மசூர் தம்பி! எனக்கும் தொப்பி தந்திருக்கானுகள்!"

கனகரெத்தினத்தின் தொப்பி நீலம். தென்கரைப் பணிப்பாளர் பிரகாஸ் கொடுத்தது. அவருடைய படிவத்தில் மின்மினியைக் கண்டறிந்தவர் பிரகாஸ்.

முதல் நாள் மசூர் நேர்மையாக எண்ணப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வரை வந்தார். பிறகு எண்ணியதெல்லாம் அணைந்து, எண்ணாததெல்லாம் பற்றிக்கொண்டது. பதிவேட்டில், "எண்ண முடியாது" என்று எழுதி அனுப்பினார். சிவப்பு மையில் பதில் வந்தது: "எண்ண முடியாது என்பது ஓர் எண் அல்ல."

அன்று மாலை கனகரெத்தினம் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எனக்கும் இதே தலையிடிதான். நான் அறுபது போடுறன். நீயும் அறுபது போடு. அலுவல் முடிஞ்சுது."

அலுவல் முடியவில்லை. மறுநாளே றிபாத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மசூர், தென்கரையிலயும் அறுபதாமே?"

"ஓம் சேர். ரெண்டு பக்கமும் சமன்."

"சமத்துவம் நல்ல விசயம்தான். மேடையில நானே அதைப் பற்றிப் பேசுவேன். ஆனால் புள்ளிவிவரத்தில் சமத்துவம் வந்தால் நாம் தோற்றுவிட்டோம் என்று அர்த்தம்."

விசயம் என்னவென்றால், தலைமையகம் ஒரு சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. எந்தக் கரையில் மின்மினி கூடுதலோ, முழு வலயமும் அந்தக் கரைப் பணிமனைக்கே சேரும். மசூர் எழுபத்தைந்து எழுதினார். கனகரெத்தினத்தை எண்பது எழுதச் சொன்னார்கள். மாத முடிவில் வடகரையில் பன்னீராயிரத்து நாற்பதும் தென்கரையில் பன்னீராயிரத்து நாற்பத்தொன்றும் இருந்தன. இரண்டாம் மாதத்தில், பிரதேசத்தின் சனத்தொகையை மின்மினிகள் தாண்டிவிட்டன. தலைமையகம் இரு பணிமனைகளுக்கும் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

பொய் எழுதும்போது மசூருக்குக் கை கூசியது. ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையின் கீழே, அல்லாஹ்வே மிக அறிந்தவன் என்று பொருள்படும்படி, "வல்லாஹு அஃலம்" என்று எழுதிவைத்தார். பணிமனை அதை அவருடைய கையொப்பம் என்று எடுத்துக்கொண்டது.

பிறகு எல்லை போட்டார்கள். சிவப்பு மிதவைகள் கோத்த நைலோன் கயிறு ஒன்று நடுத்தோணாவில் கட்டப்பட்டது. அது கண்ணாப் பற்றையின் நடுவாலேயே போயிற்று. இருள் விழுந்ததும் ஒரு பூச்சி முதன்முதலில் எந்தப் பக்கத்தில் பற்றுகிறதோ, அந்தப் பக்கமே அதன் நிரந்தர வதிவிடம் என்று விதி வந்தது.

மசூர் சந்தேகம் கேட்டார். "சேர், ஒரு பூச்சி இங்கால பத்தி அங்கால போய் அணஞ்சா?"

றிபாத் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பற்றியது நம்முடைய சாதனை. அணைந்தது அவர்களுடைய கவனக்குறைவு."

விடியும்போதெல்லாம் கயிறு இடம் மாறியிருந்தது. ஒரு நாள் வடகரைக்காரர் அதைத் தெற்கே இரண்டு பாகத் தூரம் தள்ளிக் கட்டினார்கள். மறுநாள் தென்கரைக்காரர் வடக்கே மூன்று பாகம் தள்ளிக் கட்டினார்கள். வலையில் இறால் விழுந்ததோ இல்லையோ, மிதவை தினமும் சிக்கியது.

கடைசியில் இரண்டு பணிமனையும் வலயத்தைத் திறந்துவைக்கத் தீர்மானித்தன. ஒரே நாளில்தான். பிரதம அதிதி கொழும்பிலிருந்து வரும் திணைக்களச் செயலாளர். அவருக்கு நிந்தவூரில் பகல் சாப்பாடு இருந்ததால் வடகரை விழா காலை பத்து மணிக்கும் தென்கரை விழா பதினொரு மணிக்கும் வைக்கப்பட்டன.

விழாவுக்கு முதல் நாள் ஆட்கள் வந்து இரு கரையையும் சுத்தம் செய்தார்கள். ஈரச் சருகை வாரி எரித்தார்கள். புல்லைச் செதுக்கினார்கள். சேற்றை மூடிக் கொங்கிறீட் கல் பதித்தார்கள். மசூர் ஓடிப்போய் றிபாத்தின் முன்னால் நின்றார்.

"சேர், அந்தச் சருகுக்குள்ளதான் அதுகள்ர புழு இரிக்கிற. நத்தையத் திண்டுதான் அது வளரும். வளந்துதான் மின்மினியாகும்."

"புழு வெளிச்சம் காட்டுமா?"

"லேசாக் காட்டும் சேர். ஆனா மண்ணுக்குள்ள."

"மண்ணுக்குள் காட்டினால் மக்களுக்கு என்ன பிரயோசனம்? எண்ணிக்கையில் வராத எதையும் நாம் பேண முடியாது, மசூர்."

மறுநாள் பந்தல், ஒலிபெருக்கி, பெட்டீஸ், தேத்தண்ணி எல்லாம் வந்தன. செயலாளர் நாடா வெட்டினார். பிறகு வெயிலில் கண்களைச் சுருக்கிக்கொண்டு கண்ணாப் பற்றையைப் பார்த்தார்.

"எங்கே?"

"ஓய்வெடுக்கின்றன, சேர்," என்றார் றிபாத்.

"நல்லது. ஓய்வும் பேணலின் ஓர் அங்கம்."

றிபாத் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பெருமக்களே! காலங்காலமாக இந்த அப்பாவி மின்மினிகள் இருளிலேயே பிறந்து இருளிலேயே மடிந்தன. எத்தனையோ அரசாங்கங்கள் வந்தன, போயின. ஒன்றாவது இவற்றுக்கு ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்ததா? இன்று நாம் கொடுக்கிறோம்!"

கை தட்டினார்கள். ஆறு ஆள் உயரக் கம்பத்தின் உச்சியில், விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற மாதிரி நான்கு பெரிய விளக்குகள் இருந்தன.

எதிர்க்கரைக்குத் தோணியில் போனால் ஐந்து நிமிடம். ஆனால் செயலாளர் தோணியில் போவதற்கு நடைமுறை இல்லாததால் வாகனங்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அங்கே பிரகாஸ் பேசினார். "வடகரைச் சகோதரர்கள் நான்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். வாழ்த்துகிறோம். நாங்கள் ஆறு போட்டிருக்கிறோம். ஏனென்றால் எங்கள் மின்மினிகள் இன்னும் இருளில் இருக்கின்றன!" செயலாளர் வடகரையில் வாசித்த உரையையே தென்கரையிலும் வாசித்தார். இரண்டு இடத்தில் "வடகரை" என்று வாய் தவறியது. அதற்கும் கை தட்டினார்கள்.

அன்று அந்தியில் பத்து விளக்குகளும் எரிந்தன. தோணாவின் நடுவில் நின்று ஊசிக்கு நூல் கோக்கலாம். சனம் திரண்டு வந்தது. கடலை வாங்கித் தின்றது. மின்மினி கண்ணில் படாததால் விளக்குக் கம்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனது.

"சேர், இந்த வெளிச்சத்துக்குள்ள அதுகள் எப்பிடித் தெரியும்?" என்று மசூர் கேட்டார்.

"தெரியாவிட்டால் இன்னும் இரண்டு போடுவோம்."

மசூர் ஒவ்வோர் அந்தியும் போய்ப் பார்த்தார். ஆண் மின்மினி பற்றிக் காட்டும். பெண் மின்மினி இலையிலிருந்து பதில் காட்டும். இந்த வெளிச்சத்தில் எது எதைக் காணும்? முதல் நாள் பற்றையின் அடிப்பக்கத்தில் பத்துப் பதினைந்து மங்கலாகத் தெரிந்தன. இரண்டாம் நாள் மூன்று. ஆறாம் நாள் ஒன்றுமில்லை. இறால்கூட அந்தப் பகுதியை விட்டுப் போய்விட்டது. ஜெனூபாவின் தோட்டத்துக் கீரைப் பாத்தியில் நத்தைகள் வரிசையாக ஏறின.

"முந்தி இப்பிடி நத்தை வந்ததே இல்லியே," என்று ஜெனூபா பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். "என்ன, அதுகள் போயிட்டுதுகளா?"

மசூர் பதிவேட்டைத் திறந்து "பூச்சியம்" என்று எழுதினார்.

பணிமனை அதிர்ந்தது. றிபாத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மசூர், இது என்ன?"

"பூச்சி இல்ல, சேர். பூச்சியந்தான் இரிக்கி."

"நேற்று முப்பத்தோராயிரம் எழுதினீர்கள்!"

"நேத்து எழுதினது நீங்க சொன்னது, சேர். இண்டைக்கு எழுதினது நான் கண்டது."

றிபாத் தொலைபேசியை வைத்துவிட்டார். எதிர்க்கரையில் கனகரெத்தினமும் அன்று பூச்சியம்தான் எழுதியிருந்தார். இருவரும் கதைத்து வைத்துக்கொண்டு செய்யவில்லை.

தலைமையகத்திலிருந்து புதிய சுற்றுநிருபம் வந்தது. விசாரணைக் குழு வருகிறது. மின்மினிகள் எந்தப் பணிமனையின் நிர்வாகத்தில் இருந்தபோது மறைந்தனவோ, அந்தப் பணிப்பாளர் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

மறுநாள் விடியலில் மசூர் தோணியை இறக்கினார். சுபஹு தொழுகை முடிந்த நேரம். நடுவில் கயிற்றைக் காணோம். கொஞ்சத் தூரம் போனதும் வடகரைக்குக் கிட்ட ஒரு கயிறு தெரிந்தது. தலையைத் திருப்பினால் தென்கரைக்குக் கிட்ட இன்னொரு கயிறு.

"கனகரெத்தினம் அண்ணன்! இஞ்ச பாருங்க, ரெண்டு கயிறு!"

கனகரெத்தினம் தோணியில் எழுந்து நின்று இரு பக்கமும் பார்த்தார். "இவ்வளவு நாளும் இவன் அங்கால தள்ளினான், அவன் இங்கால தள்ளினான். இப்ப ரெண்டு பேரும் தங்கட பக்கம் இழுத்துக் கட்டியிருக்கானுகள். மறுகா நடுவுல நிக்கிற பத்தை ஆருட, தம்பி?"

"ஆருடயும் இல்ல போல."

அந்த மத்தியானம் றிபாத் வந்து, மின்மினிகள் தென்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று விசாரணையில் சொல்லும்படி மசூரிடம் கேட்டுக்கொண்டார். அதே நேரம் அக்கரையில் பிரகாஸ், அவை வடகரைக்குப் போய்விட்டன என்று சொல்லும்படி கனகரெத்தினத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். மசூர் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன்ட பக்கம் எண்டு நான் சொன்னா அவருக்கு வினை. அவர் நம்மட பக்கம் எண்டு சொன்னா எனக்கு வினை. நான் என்னத்தச் சொல்ல?"

ஜெனூபா கீரைப் பாத்தியிலிருந்து பொறுக்கிய நத்தைகளை வாளியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஒண்டும் சொல்லாதீங்க. அவங்களுக்கு அந்தப் பத்தை வேணாம், அப்பிடித்தானே? வேணாமெண்டா அத எழுதித் தரச் சொல்லுங்க. சீல் குத்தி."

மசூர் நிமிர்ந்தார். அடுத்த நாள் காலை அவரும் கனகரெத்தினமும் ஒரே சைக்கிளில் பணிமனைக்குப் போனார்கள். மசூர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நுழைந்தார், கனகரெத்தினம் அந்தப் பக்கம்.

"சேர், விசாரணையில அந்தப் பத்தை நம்மட இல்ல எண்டு நான் சொல்லலாம். ஆனா என்ட கதைய ஆரு நம்புவாங்க? நீங்க ஒரு கடிதம் தந்தா..." என்று மசூர் இழுத்தார்.

றிபாத்தின் முகம் மலர்ந்தது. வாழ்நாளில் இவ்வளவு விருப்பத்தோடு அவர் எந்தக் கடிதத்தையும் எழுதியதில்லை. "மேற்படி கண்ணாப் பற்றையும், அதில் இருந்த, இல்லாத, இனிமேல் வரக்கூடிய மின்மினிகளும்," என்று எழுதி நிறுத்தினார். தடுப்புக்கு அப்பால் அதே மாதிரிக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்த பிரகாஸின் குரல் கேட்டது.

"விளக்குக் கம்பங்களையும் சேர்த்துப் போடுங்க. அதுவும் விசாரணையில வரும்."

"நல்ல யோசனை," என்றார் றிபாத். "அதற்குப் பிறகு என்ன போடுவோம்?"

"எக்காலத்திலும் எமது நிர்வாகத்துக்கு உட்பட்டவை அல்ல என்று போடுங்க."

அந்தப் பணிமனைகளின் வரலாற்றில், கொழும்புக்குப் போகாமல் நடந்த முதல் தொடர்பு அதுதான். இரண்டு கடிதங்களும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தன.

இரண்டையும் எடுத்துக்கொண்டு நண்பர்கள் இருவரும் நேரே மின்சாரக் கந்தோருக்குப் போனார்கள். அங்கிருந்த பொறுப்பாளர் வடகரைக் கடிதத்தைப் படித்தார். தென்கரைக் கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அப்ப இந்தப் பத்து லைட்டும் ஆருட?"

"அதத்தான் நாங்களும் தேடுறம், ஐயா," என்றார் கனகரெத்தினம் பணிவாக.

சொந்தக்காரன் இல்லாத விளக்குக்கு மின்சாரம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அன்று பின்னேரமே ஆட்கள் வந்து கம்பியை அறுத்து, விளக்குகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தோணாவில் பழைய இருட்டு வந்து உட்கார்ந்தது.

விசாரணைக் குழு குறித்த நாளில் வந்தது. இரு கயிறுகளையும் அளந்தது, இரு கடிதங்களையும் வாசித்தது. இல்லாத வலயத்தில், யாருக்கும் உரித்தில்லாத மின்மினிகள் காணாமல் போனதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை எழுதியது. அதோடு நிற்கவில்லை. இரண்டு சமூகங்கள் வாழும் பிரதேசத்தில் இரு பணிமனைகள் ஒரு துண்டு நிலத்தை வழக்கு வம்பு இல்லாமல் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருப்பது நாட்டுக்கே முன்மாதிரி என்று பரிந்துரைத்தது. அந்த வருடத்து நல்லிணக்க விருது றிபாத்துக்கும் பிரகாஸுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கிண்ணம் ஒன்றுதான். அது இப்போது பலகைத் தடுப்பின் மேலே, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக வைக்கப்பட்டிருக்கிறது. காற்றடித்தால் விழுந்துவிடும் என்று இரண்டு பணிமனையும் மின்விசிறி போடுவதில்லை.

மசூர் தொப்பியையும் பதிவேட்டையும் டோர்ச் லைட்டையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். இறால் இரண்டு கிழமையில் திரும்பிவிட்டது. மின்மினிகள் திரும்பவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு அவர் தினமும் கரையில் போய் நின்றார். அக்கரையில் கனகரெத்தினத்தின் பீடி நெருப்பு மட்டும் தெரியும்.

"ஏதும் தெரியுதா, அண்ணன்?"

"இல்ல தம்பி."

மாரி வந்தது. வெள்ளம் கொங்கிறீட் கற்களின் மேல் ஒரு சாண் சேற்றைப் போட்டது. சேற்றின் மேல் இலைகள் உதிர்ந்து அழுகின. புல் முளைத்தது. ஜெனூபா நத்தை பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போனாள். மாரி கழிந்த பிறகு ஒரு நாள், பாத்தியில் நத்தை குறைந்திருப்பதாகச் சொன்னாள். மசூர் சேற்றோரம் குந்தியிருந்து ஒரு சருகைப் புரட்டினார். கறுப்பாக, மெலிதாக ஒரு புழு, நத்தை ஓட்டுக்குள் தலையை விட்டிருந்தது. அவர் சருகை அப்படியே மூடிவைத்தார்.

அதிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஓர் அந்தியில் கனகரெத்தினம் அக்கரையிலிருந்து வாயில் விரலை வைத்து விசிலடித்தார். மசூர் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஜெனூபா, வாங்க. தோணியில ஏறுங்க."

"நானா? கல்யாணம் முடிச்ச நாள்லருந்து ஒரு நாளும் ஏத்தினதில்லியே. இப்ப என்ன புதுசா?"

"கதைக்காம வாங்க."

இருட்டில் தோணியை மெதுவாகத் தள்ளிப் பற்றைக்குக் கிட்டே போனார்கள். கனகரெத்தினமும் தன் தோணியில் வந்து, துடுப்பை உள்ளே வைத்தார். ஓர் இலையில் பச்சையாக ஒன்று பற்றியது. அணைந்தது. கீழ்க் கிளையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. பிறகு அங்கே ஒன்று, இங்கே இரண்டு.

ஒரு மின்மினி பற்றையை விட்டு வந்து ஜெனூபாவின் தலை முக்காட்டில், நெற்றிக்கு மேலே உட்கார்ந்தது. பற்றியது. அவளுடைய முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்து மறைந்தது.

"ஜெனூபா, ஒங்கட தலையில..." என்று மசூர் எழும்பப் போனார்.

"அசையாதீங்க," என்று உதடு பிரியாமல் சொன்னாள் அவள். "தோணி ஆடும்."

பள்ளிவாசலில் இஷா பாங்கு சொல்லும்வரைக்கும் மூவரும் அப்படியே இருந்தார்கள். பிறகுதான் மசூருக்கு நினைவு வந்தது.

"அடுப்புல கறி வெச்சிட்டு வந்தீங்களே. கரியப் போகுது."

"கரிஞ்சாக் கரியட்டும்," என்றாள் ஜெனூபா.